எல்லாத் துறைக்கும் ஒரே எண்ணா? செட்டிநாட்டுக் கல்வி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் கல்லூரிக் குழுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

செட்டிநாட்டில் கல்லூரிகளையும் ஆய்வு நிதிகளையும் நடத்திவரும் உங்களுள் சிலர், ஆண்டுதோறும் வழங்கும் சிறந்த ஆய்வாளர் பரிசுக்கும் ஆசிரியர் பதவி உயர்வுக்கும் அண்மைக்காலமாக ஒரே நிபந்தனையை வைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். எல்லாத் துறை ஆசிரியர்களையும் ஒரே பட்டியலில் நிறுத்தி, யாருடைய கட்டுரைகள் அதிக மேற்கோள் பெற்றிருக்கின்றன, மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் என்னும் எண் யாருக்கு உயர்ந்தது என்று பார்த்து, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துவதே அந்த நிபந்தனை. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல் கணக்கில் தெரிவதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் இதற்குக் காரணம் என்பதை அறிவேன். ஆயினும் இந்த நிபந்தனையால் நேர்மையான ஒப்பீடு கிடைப்பதில்லை. அதை மாற்றியமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் கல்லூரி நூலகராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். தேசியத் தரவரிசைக்கும், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகைக்கும் ஆசிரியர்களின் வெளியீட்டு விவரங்களை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்களிலிருந்து திரட்டி அட்டவணையாக்கித் தருவது பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. எண்ணுவதே தவறு என்று சொல்பவன் அல்லன் நான். நூலகத்தின் பணிகளைக் கணித முறைகளால் அளக்க வேண்டும் என்று 1948இலேயே முன்மொழிந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். எண்ணுவது எங்கள் தொழிலின் ஒரு பகுதி. அதனால்தான் ஓர் எண் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே அதை நம்ப வேண்டும் என்கிறேன்.

மேற்கோள்களைத் தொகுக்கும் அட்டவணை ஒன்று அறிவியலுக்கு வேண்டும் என்று யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் எழுதினார். அவர் தொகுத்த அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல் வெளிவந்தது. ஒரு கட்டுரையை அதன்பின் யார் யார் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க உதவுவதுதான் அதன் முதல் நோக்கம். ஆளை எடைபோடும் பழக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. 2005இல் கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த எச்-இண்டெக்ஸ் அந்தப் பழக்கத்தை ஒற்றை எண்ணில் அடக்கிவிட்டது. ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து மேற்கோளாவது பெற்றிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் குறைந்தது 10. இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது மேற்கோளாவது பெற்றிருந்தால் குறைந்தது 20. கணக்கு எளிது, பரவியதும் அதனால்தான்.

ஆனால் துறைக்குத் துறை இந்த எண் பெரிதும் மாறும் என்பதை ஹிர்ஷே அந்த முதற்கட்டுரையில் காட்டியிருக்கிறார். அவர் கணக்கிட்டபோது இயற்பியலாளர்களில் முதலிடத்தில் இருந்த எட்வர்ட் விட்டனின் எச்-இண்டெக்ஸ் 110. உயிரியல் துறைகளில் முதலிடத்தில் இருந்த சாலமன் ஸ்னைடரின் எண் 191. கணிதத்தின் உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1990இல் பெற்ற விட்டனை, நரம்பியல் மருந்தியலாளரான ஸ்னைடரைவிடக் குறைந்த அறிஞர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஹிர்ஷும் சொல்லவில்லை. எண்ணைக் கண்டுபிடித்தவர் எழுதிவைத்த எச்சரிக்கை அட்டவணைகளில் ஏறுவதில்லை. எண் மட்டும் ஏறிவிடுகிறது.

ஏன் இப்படி மாறுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் தேர்வுக் குழுக்களில் இந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை. மேற்கோள் வானத்திலிருந்து விழுவதில்லை. இன்னொரு கட்டுரையின் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கணிதக் கட்டுரை ஒன்றின் இறுதியில் இருபது மேற்கோள்கள் இருந்தாலே நிறைவானது. உயிர்மருத்துவத்தில் ஒரு மீள்பார்வைக் கட்டுரை இருநூறு கட்டுரைகளை எடுத்துக்காட்டுவது வழக்கமான ஒன்று. மின்கலப் பொருள்கள், நானோ துகள்கள் போன்ற துறைகளில் உலகெங்கும் பல்லாயிரம் பேர் ஒரே வேளையில் எழுதுகிறார்கள்; எண் கோட்பாட்டின் ஒரு கிளையில் உலகம் முழுவதும் ஐம்பது பேர் இருந்தால் அதுவே பெரிய கூட்டம். மின்கலப் பொருள் போன்ற துறைகளில் ஒரு கட்டுரை இரண்டே ஆண்டில் பேசப்பட்டு ஐந்தாம் ஆண்டில் பழையதாகிவிடும். கணிதத்திலோ, வரலாற்றிலோ, கல்வெட்டியலிலோ அது பத்தாம் ஆண்டில்தான் படிக்கவே தொடங்கப்படலாம். ஆய்வகத் துறைகளில் ஒரு குழுவே சேர்ந்து கட்டுரை எழுதுவதால் ஒருவர் பெயரில் ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை வருவது இயல்பு; தனியே அமர்ந்து ஒரு தேற்றத்தை நிறுவுபவருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒன்று வந்தாலே அது பெரிய விளைச்சல். இயற்பியலில் ஹிக்ஸ் துகள் என்னும் அடிப்படைத் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வெளிவந்த ஒரு கட்டுரைக்கு 5154 ஆசிரியர்கள். அதற்குக் கிடைக்கும் ஒவ்வொரு மேற்கோளும் அந்த 5154 பேரின் கணக்கிலும் முழுமையாக ஏறுகிறது. அந்தத் துகளை 1964இல் கணித்து 2013இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் ஹிக்ஸ், 1964க்குப் பிந்தைய தம் வாழ்நாளில் பத்துக்கும் குறைவான கட்டுரைகளையே எழுதினார். இன்றைய கணக்குப்படி தமக்கு வேலையே கிடைத்திராது என்று அவரே கூறியிருக்கிறார்.

ஒரே துறைக்குள்கூட மேற்கோள் எண்ணிக்கையும் கண்டுபிடிப்பின் பெருமையும் இணைந்து நடப்பதில்லை. உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, கரைசலில் உள்ள புரதத்தின் அளவைக் கண்டறியும் ஒரு செய்முறையைப் பற்றி லௌரி என்பவரும் உடன்பணியாற்றியோரும் 1951இல் எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. ஆய்வகத்தில் அந்தச் செய்முறையைக் கையாண்ட ஒவ்வொருவரும் அதை எடுத்துக்காட்டினார்கள் என்பதே காரணம். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 2014இல் நேச்சர் இதழ் தொகுத்த முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில் இடமே பெறவில்லை.

கணிதத்தைப் பற்றி இன்னும் ஒரு செய்தியை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம், 2023இல் கணிதத்தை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. கணிதத்தில் வெளியீடும் மேற்கோளும் குறைவு. ஆகவே சிலர் கூடிப் பேசி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டினாலே உச்சிக்குப் போய்விட முடிகிறது என்பதே அதற்குக் காரணம். இந்தத் தரவுகளை விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒரு துறையில் தன் எண்ணைத் தானே நம்பவில்லை என்றால், கணித ஆசிரியரையும் பொருளறிவியல் ஆசிரியரையும் அதே எண்ணால் ஒப்பிட்டு நாம் பரிசு கொடுப்பது எப்படி முறையாகும்?

உங்கள் முன்னோர் ரங்கூனில் ரூபாயிலும், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஸ்ட்ரெயிட்ஸ் டாலரிலும், சைகோனில் பியாஸ்டரிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். ஊருக்கு வந்த ஐந்தொகையில் பியாஸ்டரையும் ரூபாயையும் அப்படியே கூட்டி மொத்தம் போட்ட கணக்குப்பிள்ளை ஒருவரும் இருந்திருக்க மாட்டார். மாற்று விகிதம் பார்த்த பிறகே கூட்டியிருப்பார். மேற்கோள் கணக்கிலும் அப்படியொரு மாற்று விகிதம் உண்டு. ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை, அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வெளிவந்த கட்டுரைகள் பெற்ற சராசரி மேற்கோளால் வகுத்துப் பார்ப்பதுதான் அது. விடை 1 என்றால் உலகச் சராசரி; 2 என்றால் அதைப்போல் இரு மடங்கு. விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணித ஆசிரியர் ஒருவரின் கட்டுரை 12 மேற்கோள் பெற்றிருக்கிறது. அவருடைய கிளையில் அந்த ஆண்டுக் கட்டுரைகளின் சராசரி 4. பொருளறிவியல் ஆசிரியரின் கட்டுரைக்கு 60 மேற்கோள். அவருடைய துறையில் சராசரி 40. இப்போதுள்ள நிபந்தனைப்படி இரண்டாமவர் ஐந்து மடங்கு உயர்ந்தவர். துறைச் சராசரியால் வகுத்தால் முதலாமவருக்கு 3, இரண்டாமவருக்கு 1.5. வரிசையே தலைகீழாகிறது. இந்த எண்ணும் குறையற்றதன்று. நாலைந்து கட்டுரைகள் மட்டுமே எழுதியவருக்கு ஒரே ஒரு கட்டுரையால் அது ஏறி இறங்கிவிடும். ஆயினும் மாற்றாமல் கூட்டுவதைவிட மாற்றிக் கூட்டுவது மேல்.

இவையெல்லாம் தரவு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசியவை. தரவே பிழைபடும் இடம் ஒன்று இருக்கிறது. அது நம் ஊருக்கே உரியது. ஐயா பெயரைப் பேரனுக்கும் அப்பத்தா பெயரைப் பேத்திக்கும் இடுவது இங்கே வழக்கம் என்பதால், பழனியப்பன், லெட்சுமணன், மெய்யப்பன், அண்ணாமலை, மீனாட்சி என்று சில பெயர்களே தலைமுறைதோறும் திரும்பி வருகின்றன. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கிறது. சுப்பிரமணியன் மகன் பழனியப்பன் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இதழ் அவரை எஸ். பழனியப்பன் என்று அச்சிடுகிறது. இன்னோர் இதழ் முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்லி, தந்தை பெயரையே அவருடைய குடும்பப் பெயராக்கிப் பி. சுப்பிரமணியன் என்று போட்டுவிடுகிறது. தரவுத்தளம் அவரை இரண்டு பேராகப் பிரிக்கிறது. அதே வேளையில் மண் நுண்ணுயிர்களை ஆராயும் வேறோர் எஸ். பழனியப்பனின் கட்டுரைகளும் இவருடைய பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இப்படிப் பிரிந்தும் கலந்தும் கிடக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இணையாசிரியர் யார், பணியிடம் எது என்று பார்த்துத் திருத்தக் கேட்டு எழுதுவதே ஒரு நூலகருக்குப் பல வாரத்து வேலை. திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட ஆசிரியைகளின் பாதிக் கட்டுரைகள் பழைய பெயரிலேயே தங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதற்கென்றே ஆர்சிட் என்னும் ஆய்வாளர் அடையாள எண் 2012 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதைப் பெற்று, தம் கட்டுரைகளைத் தாமே சரிபார்த்துக் கையொப்பமிட்டுத் தராத எவருடைய எண்ணையும் உங்கள் குழு ஏற்கக் கூடாது. அப்படிச் சரிபார்த்த பிறகும் கூகுள் ஸ்காலர் ஓர் எண்ணும் ஸ்கோபஸ் வேறோர் எண்ணும் காட்டும். முன்னது ஆய்வேடுகளையும் அச்சேறாத படிகளையும் சேர்த்து எண்ணும், பின்னது தான் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும். ஒருவருக்கு இதையும் மற்றவருக்கு அதையும் எடுத்து ஒப்பிட்ட அட்டவணைகள் குழுக்களின் மேசையில் வைக்கப்பட்டதுண்டு.

அடுத்து, இந்தத் தரவுத்தளங்களுக்குள் வரவே வராத உழைப்பு. எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவது இதுதான். தமிழில் வெளிவரும் ஆய்விதழ்களை ஸ்கோபஸில் காண்பது மிக அரிது. தமிழ் நூல்களைக் காண்பது அதனினும் அரிது. ஒரு சுவடியைப் பதிப்பிக்கப் பத்து ஆண்டு உழைத்த தமிழாசிரியரின் கணக்கில் அங்கே பூஜ்யம்தான் நிற்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், அவர் மறைந்த பின் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாகப் பயன்பட்டு வருகின்றன. தமிழ்ச் சமூக வரலாற்றை எழுதும் உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் அதைத் தொடாமல் எழுத முடியாது. அந்தத் தொகுப்பைச் சேர்த்தவருக்கு எந்தத் தளத்திலும் எச்-இண்டெக்ஸ் கிடையாது. நம் சிவகங்கை மாவட்டத்தின் கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்ற செய்தி தமிழக வரலாற்றுப் பேச்சையே மாற்றியது. அது முதலில் வெளிவந்தது 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை நூலில். அத்தகைய அறிக்கையை எழுதிய ஒருவர் உங்கள் பரிசுக்கு விண்ணப்பித்தால், நிபந்தனைப்படி அவர் முதல் சுற்றிலேயே வெளியேற வேண்டியிருக்கும்.

இது தமிழுக்கும் வரலாற்றுக்கும் மட்டும் நேரும் குறை என்று எண்ணிவிட வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1953இல் அது திறக்கப்பட்டது. அதன் பணிகளுள் முதன்மையானது அரிமானத்தைத் தடுப்பது. மண்டபத்துக் கடற்கரையில் உப்புக் காற்று படும்படி உலோகத் தகடுகளைச் சட்டங்களில் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்து, துரு எவ்வளவு தின்றது என்று எடை பார்க்கும் ஆய்வை எண்ணிப் பாருங்கள். அதை அவசரப்படுத்த முடியாது. அதன் பயன், கட்டடக் கம்பிக்குப் பூசும் காப்புப் பூச்சாகவும், பாலத்தைப் பராமரிக்கும் பொறியாளரின் முடிவாகவும் வெளிப்படுகிறது; அந்தப் பொறியாளர் மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதுவதில்லை. குன்றக்குடி அடிகளார் தம் ஊரில் நடத்திய கிராமத் திட்டத்துக்கு அந்த ஆய்வக அறிவியலாளர்கள் துணைநின்றதை இப்பகுதியின் மூத்தோர் அறிவர். அந்த உழைப்புக்கும் மேற்கோள் கணக்கில் இடமில்லை. அழகப்பர் நிலத்தைக் கொடுத்தபோது அங்கிருந்து எத்தனை மேற்கோள் வரும் என்று கேட்டிருக்க முடியாது. அப்படிக் கேட்காமல் கொடுத்தவர்களின் வழிவந்தவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்களிடம் உரிமையோடு எழுதுகிறேன்.

காலம் கடந்து பயன்தரும் ஆய்வுக்கு நம் கண்முன் உள்ள சான்று ராமானுஜன். அவர் மறைந்தபின் 1927இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட தொகுப்பில் அவருடைய கட்டுரைகள் 37 மட்டுமே. 1920இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் குறிப்பிட்ட போலித் தீட்டா சார்புகள் என்னும் கணிதச் சார்புகளின் உட்பொருள், 2002இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்வேகர்ஸ் தம் ஆய்வேட்டில் விளக்கியபோதுதான் தெளிவானது. ஐந்தாண்டு மேற்கோளை மட்டும் பார்க்கும் எந்த நிபந்தனையும் இத்தகைய பணியைக் கண்டுகொள்ளாது.

ஸ்டான்ஃபோர்டு பட்டியல் என்று நாம் அழைக்கும், மேற்கோள் கணக்கில் உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். அதில் நம் ஊர் ஆசிரியர் பெயர் வந்தால் கல்லூரி வாசலில் பதாகை வைக்கிறோம், மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் ஜான் அயோனிடிஸ் குழுவினர் அந்தப் பட்டியலை வெளியிடும் முறையைப் பாருங்கள். அறிவியலை 22 துறைகளாகவும் 174 உட்பிரிவுகளாகவும் பிரித்து ஒவ்வொருவருக்கும் அவருடைய உட்பிரிவுக்குள் தரவரிசை தருகிறார்கள். வாழ்நாள் பணிக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல்கள். தம்மைத் தாமே மேற்கோள் காட்டியதைச் சேர்த்தும் நீக்கியும் தனித்தனி எண்கள். இவ்வளவு பிரித்துக் காட்டியதைப் பதாகையில் ஒரே வரியாக்கிவிடலாம். தேர்வுக் குழு அப்படிச் செய்யலாகாது.

இந்த நிபந்தனையால் இளம் ஆசிரியர்களுக்கு என்ன நேர்கிறது என்பதையும் அருகிலிருந்து கண்டேன். ஒரு கல்லூரியில் நல்ல கணித ஆய்வாளர் ஒருவர், தம் கிளையில் எழுதினால் எண் ஏறாது என்று கண்டு, வேதிப்பொருள்களின் மூலக்கூறு வரைபடங்களுக்குக் குறியீட்டெண் கணக்கிடும் கட்டுரைகளுக்குத் தாவினார். மாதம் ஒன்று வீதம் எழுதத் தொடங்கினார். அந்தத் துறை தாழ்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. அவர் விரும்பிப் போகவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்குச் சம்பளத்தைச் செலவழித்தவர்களையும், எழுதாத கட்டுரையில் பெயர் சேர்த்துக்கொள்ளுமாறு கெஞ்சியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களைப் பழிப்பதற்கு முன், எதற்குப் பரிசு தருகிறோம் என்று நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலகில் இதை நாம்தான் முதலில் பேசுகிறோம் என்பதில்லை. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளைக் காட்டும் தாக்கக் காரணியை வைத்து ஆளை மதிப்பிடக் கூடாது என்ற சான் ஃபிரான்சிஸ்கோ அறிக்கை 2012இல் உருவாகி 2013இல் வெளியானது. துறை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும், உள்ளூர் மொழியில் நடக்கும் சிறந்த ஆய்வைக் காக்க வேண்டும் என்று 2015இல் வெளிவந்த லெய்டன் அறிக்கை வெளிப்படையாகவே கூறுகிறது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கைவிட்டது. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று காட்டத் தான் பராமரித்த கேர் இதழ்ப் பட்டியலையும் 2025இல் நிறுத்தி, தரத்தைப் பார்க்கும் பொறுப்பை அந்தந்தக் கல்வி நிறுவனத்திடமே விட்டுவிட்டது. ஆகவே மேலிடத்து விதி என்று கைகாட்டவும் இப்போது வழியில்லை; முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

நான் கேட்பவை பெரியவை அல்ல. பரிசைத் துறைவாரியாகப் பிரியுங்கள். நிதி போதாதென்றால் ஆண்டுக்கு ஒரு துறைத் தொகுதி என்று சுற்றுமுறையில் கொடுங்கள். விண்ணப்பத்தில் மொத்தக் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதிலாக, தம் சிறந்த பணிகள் ஐந்தை மட்டும் தெரிவு செய்து, அவற்றால் என்ன விளைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதித்தரச் சொல்லுங்கள். அந்த ஐந்தில் நூலும் பதிப்பும் அகராதியும் அகழாய்வு அறிக்கையும் காப்புரிமையும் களத்தில் பயன்பட்ட செய்முறையும் கட்டுரைக்குச் சமமாக எண்ணப்படட்டும். மேற்கோள் எண்ணைக் கேட்பதானால் துறைச் சராசரியோடு சேர்த்தே கேளுங்கள். எந்தத் தளத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்பதும் அருகில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதிச் சுற்றுக்கு வருபவரின் பணியை அதே துறையில் உள்ள வெளியூர் அறிஞர் இருவராவது முழுமையாகப் படித்துக் கருத்து எழுத வேண்டும். அதற்கு உரிய மதிப்பூதியத்தைப் பரிசுத் தொகையிலிருந்து எடுத்தாலும் தவறில்லை.

அடுத்த ஆண்டுக்கான அறிவிப்பை அச்சுக்கு அனுப்புமுன் இதைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுமாறு வேண்டுகிறேன். துறைச் சராசரியை எடுப்பது எப்படி, ஆசிரியர் பக்கங்களைச் சரிபார்ப்பது எப்படி என்று உங்கள் கல்லூரி நூலகர்களுக்கு உடனிருந்து சொல்லித்தர எந்த நாளும் வருவேன். அதற்கு ஊதியம் ஏதும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
காரைக்குடி வட்டாரம்